‘என்ன கொழம்பு’ பாய்

கோட்டுச்சேரியில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்று அந்தந்த வீட்டு ஆண்களுக்கு முன்பே தெரிந்துகொண்ட ஒரே மனிதர் ‘என்ன கொழம்பு’ பாய்தான். உளவுத்துறைக்காரர்கள் அவரிடம் வந்து பாடம் படித்திருக்கலாம்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருந்தார். எழுபதுகளின் கடைசி. துபாயிலிருந்து வந்தவர்கள் வைட்டமின் மாத்திரையை டப்பா டப்பாவாகக் கொண்டுவர, அதைப் பார்த்தவர்களுக்கெல்லாம் கை கால் சோர்வு வந்துவிட்டது. எல்லோரும் பாய் கடைக்குப் படையெடுத்தார்கள். பாய் விற்பார். ஆனால், சத்து மாத்திரை வெறும் வயிற்றில் போகக் கூடாது என்பது அவர் கொள்கை. முதல் மாத்திரையை அவர் கண்ணெதிரே, அவர் பானைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும்.

ஆரம்பத்தில் “சாப்டாச்சா?” என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். நம் பக்கத்தில் அதற்கு யார் இல்லை என்பார்கள்? சொன்னால் இலை போட்டுவிடுவார்களே! பட்டினி கிடப்பவரும் “ஆச்சுங்க” என்பார். அப்படி மரியாதையாக “ஆச்சுங்க” சொன்ன ஓர் அம்பகரத்தூர் மிராசுதார், மாத்திரையை விழுங்கிய சற்று நேரத்தில் பாயின் வெள்ளைக் கைலி மேலேயே வாந்தி எடுத்தார். அன்றோடு கேள்வி மாறியது.

“என்ன கொழம்பு?”

பதில் டக்கென்று வர வேண்டும். இழுத்தால் மாத்திரை கிடையாது.

பட்டப்பெயரில் அவருக்குப் பெருமைதான். கடைப் பலகையிலேயே எழுதிவிட நினைத்தார், வீட்டம்மா தடுத்துவிட்டார். நோன்பு மாதத்திலும் கேள்வி நிற்காது. இவர் வாய் உலர்ந்து உட்கார்ந்திருப்பார், வருகிறவர்கள் கெளுத்தி, கொடுவா என்று மீன் குழம்பாக அடுக்குவார்கள்.

“போதும்ங்க, நம்புறேன். மாங்கா போட்டதையெல்லாம் சொல்லாதீங்க!”

இப்பேர்ப்பட்டவரை ஏமாற்றியவள் நான். மகள் வயிற்றில் இருந்த சமயம். எனக்கு ரத்தம் போதவில்லை. இரும்புச் சத்தும் வைட்டமினும் உடம்பில் தங்கினால் காரைக்காலிலேயே பிரசவம், இல்லாவிட்டால் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டார் டாக்டரம்மா. எங்கள் தெருவிலிருந்து அப்படிப் போன ஒருத்தி திரும்பி வரவில்லை.

வீட்டில் மறந்துபோகிறேன் என்று மாத்திரைப் புட்டியை பாய் கடையிலேயே வைத்திருந்தேன். காலையில் ஆபீசுக்கு பஸ் ஏறும்முன் ஒன்று.

“என்ன கொழம்பு, தங்கச்சி?”

“வத்தக் கொழம்பு, பாய். சுண்டக்கா.”

“மாஷா அல்லாஹ்!”

காரைக்கால் போய்ச் சேர்வதற்குள் மாத்திரை பஸ் ஜன்னல் வழியாக வெளியே வந்துவிடும். தினமும் இதே கதை. நான் சொல்லக் கேட்டு பாய் கலங்கிப்போனார். மாத்திரைக் கம்பெனியை மாற்றினார். பானையை மாற்றினார். “கொழம்ப கரெக்டா சொல்லுது, மாத்திரை நிக்க மாட்டேங்குதே!” என்று வந்தவர்களிடமெல்லாம் புலம்பினார்.

ஒருநாள் காலை என்னைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார்.

“உப்பு எப்புடி இருந்துச்சு, தங்கச்சி?”

“உப்பா...” என்று இழுத்தேன். குழம்பு வைத்தவளுக்கு அதன் பெயர் தெரியாதா? ஆனால் மாமனாருக்கும் கணவருக்கும் பரிமாறிவிட்டு, தான் ஒரு வாய் சாப்பிடாமல் பஸ்ஸுக்கு ஓடி வருகிறவளுக்கு உப்பு எப்படித் தெரியும்? அடுப்படியில் ருசி பார்க்கிற வழக்கமும் எங்கள் வீட்டில் இல்லை.

“புடிச்சிட்டேன்!” பஸ் நிறுத்தமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார் பாய். என் பஸ் கிளம்பியது. “போவட்டும், பின்னாடியே இன்னொண்ணு வரும்” என்று தன் தூக்குச்சட்டியைத் திறந்து இடியாப்பத்தை எடுத்து வைத்தார். நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் மாத்திரையைக் கொடுத்தார். அது வயிற்றில் தங்கியது.

சாயங்காலம் என் கணவர் மாட்டிக்கொண்டார்.

“சார், தங்கச்சி மொதல்ல சாப்புடணும். அப்பறம் மாத்திரை. அதுக்கப்பறந்தான் நீங்க. உங்க அப்பாகிட்ட நான் வந்து சொல்லட்டுமா?”

“வேணாம் பாய், நானே சொல்லிக்கிறேன்.”

மறுநாள் முதல் எங்கள் வீட்டில் முதல் சாப்பாடு எனக்கு. மாமனார் இரண்டு நாள் முறைத்தார். பிறகு அவரே, “நீ சாப்ட்டு உப்பு பாத்துட்டியாம்மா?” என்று கேட்டுவிட்டு உட்காரத் தொடங்கினார்.

மகள் காரைக்காலிலேயே பிறந்தாள். நாங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது, “நம்ம கடை மாத்திரை!” என்று பஸ்ஸுக்கு நின்றவர்களிடமெல்லாம் காட்டினார் பாய். எனக்கும் தலை நிமிர்ந்துதான் இருந்தது.

சாப்பிட்டாயா என்று என்னை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். என் பதிலை நம்பாதவர் அவர் ஒருவர்தான்.