தராசு நானாவின் இன்னொருக்கா

புத்தளத்தில் காற்று, காகம், பாண் ரொட்டி விற்றுவரும் ஓட்டோ மூன்றுக்கும் ஒரே நேரத்தில் பகையாளியாக இருந்த மனிதர் ஒருவர்தான். அவர் தராசு நானா. சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும். களப்போரத்து உப்பு ஸ்டோர் ஒன்றில் மூடை நிறுப்பது அவர் வேலை. அதே ஸ்டோர் கந்தோரில் எழுத்து வேலை பார்த்தவன் நான்.

ஆள் ஐந்தடிக்கு மேல் ஒரு விரல்தான் இருப்பார். பிடிவாதம் மட்டும் ஆறரை அடி. தராசு முள் ஆடாமல் நின்ற பிறகும் நம்பமாட்டார். "இன்னொருக்கா ஏத்துங்க" என்பார். மூடை தூக்குகிறவர்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் ஏற்றுவார்கள். முள் அதே இடத்தில் நிற்கும். அப்போதுதான் அவருக்குச் சோறு இறங்கும்.

அவருடைய மனைவி சுலைஹா ராத்தா; அக்காவை நாங்கள் ராத்தா என்போம். கனமூலை ஊரில் கலியாண வீடென்றால், பெண்கள் பக்கமிருந்து மாப்பிள்ளையைக் கேலி பண்ணிப் பாட ராத்தாவைத்தான் கூப்பிடுவார்கள். ராத்தா தன்னுடைய கலியாணத்தையே விட்டுவைக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் இருக்கவேண்டிய பெண், திரைக்குப் பின்னாலிருந்து பாடியிருக்கிறார்:

"மலைபோல மாப்பிள்ளை வாராரெண்டு சொன்னாங்க,
முளைபோல நிக்கிறாரே என்ன செய்வேன் ராத்தா."

வீடே சிரித்ததாம். இந்தக் கதையை நானா முந்நூறு தடவையாவது எனக்குச் சொல்லியிருப்பார். முடிவு எப்போதும் ஒன்றுதான்: "அண்டைக்கே எழும்பி ஓடியிருக்கோணும் தம்பி. அந்தக் குரல் என்னப் போக உடல்ல."

அந்தக் குரலுக்குத்தான் ஒருநாள் ஆபத்து வந்தது. ராத்தாவின் கழுத்தில் ஒரு கட்டி. ஒப்பரேஷன் செய்தால் சரி, உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, குரல் மாறினாலும் மாறலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மூன்று கிழமையில், அதாவது இருபத்தொரு நாளில், திகதி. ஆள் பிழைத்தால் போதும், பாட்டு எதற்கு என்று ராத்தா பேசாமல் இருந்துவிட்டார். நானாவால் இருக்க முடியவில்லை. தன்னை முளை என்று கேலி பண்ணிய அந்தப் பாட்டை, குரல் போவதற்கு முன்னால் பதிந்து வைத்தே தீருவேன் என்று நின்றார்.

ஃபோனில் பதிந்தால் போதுமே என்று நான் வாயைத் திறந்தேன்.

"ஃபோன்ல பதிஞ்சா ஃபோன்ல கதைக்கிற மாதிரித்தான் கேக்கும். எனக்கு என்ட ஊட்டுல பாடுற மாதிரிக் கேக்கோணும்."

கட்டாரிலிருந்து வந்த மருமகனின் பழைய லேப்டாப், சிலாபத்துக் கலியாண மண்டபத்தில் பாட்டுப் போடுகிற ஒருவர் கழித்துவிட்ட மைக், இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒலிப்பதிவு சொஃப்ட்வெயார். இவ்வளவுதான் மூலதனம். அதற்கு முன்னால் நானா கணினியைத் தொட்டதே இல்லை. ஹிந்திக்காரர் ஒருவரின் பாட வீடியோக்களைப் பார்த்துப் படித்தார். ஹிந்தி தெரியாது. அந்த மனுசன் எந்த இடத்தில் அழுத்துகிறான் என்று பார்த்தால் போதாதா என்றார். முதல் நாள் நாற்பது நிமிடம் பதிந்தார். போட்டுப் பார்த்தால் ஒன்றுமில்லை. மைக் ஸ்விட்ச்சைப் பற்றி ஹிந்திக்காரர் ஏதோ சொல்லியிருக்கத்தான் வேண்டும்.

இரண்டாம் நாள் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு திரையில் துள்ளியது. நானா ஒரு விரலை உயர்த்தி, அது ஓய்ந்து நிற்கும்வரை காத்திருந்தார். தராசுக்காரர் இல்லையா? அது ஓயவில்லை. "நிக்குதில்லயே தம்பி, எப்பிடி அளவெடுக்கிற?" என்று கேட்டார். சத்தம் இருக்கும்வரை அது ஆடிக்கொண்டுதான் இருக்கும், சிவப்புக்குப் போகாமல் பார்த்தால் போதும் என்று விளங்கப்படுத்தினேன். அன்று முழுக்க அவர் முகம் சரியில்லை. நிற்காத முள்ளை அவர் வாழ்நாளில் கண்டதில்லை.

பயிற்சிக்கு மூடை தூக்குகிற நாலு பேரைப் பாடவைத்துத் தனித்தனியாகப் பதிந்தார். மிக்ஸ் பண்ணும்போது ஒவ்வொருவனும் வந்து தன்னுடைய குரல் கேட்கவில்லை என்றான். நானா ஒவ்வொன்றாக ஏற்றினார். கடைசியில் நாலும் உச்சியில், திரை முழுக்கச் சிவப்பு, கேட்டால் சந்தைக் கடைச் சத்தம். ஒருவனை ஏற்றவேண்டுமானால் மற்ற மூன்று பேரையும் இறக்கவேண்டும் என்று அன்றைக்குத் தானாகவே கண்டுபிடித்தார். ஸ்டோரின் தகரக் கதவில் சோக்குக் கட்டியால் பாடக்குறிப்பும் எழுதிவைத்தார். எந்த விசையை அழுத்தினால் வெட்டு, எது ஒட்டு. செய்த பிழையை இல்லாமலாக்கிப் பழையபடி கொண்டுவரும் விசைக்கு நேரே 'தௌபா', பாவமன்னிப்பு, என்று எழுதியிருந்தார்.

அடுத்தது ராத்தாவின் முறை. வீட்டில் பதிய உட்கார்ந்தால் கச்சான் காற்று ஜன்னலை அடிக்கும். காற்று ஓய்ந்தால் காகம். காகத்தை விரட்டி முடிப்பதற்குள் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ஓட்டோ வரும். நானா பாண்காரரிடம் போய் நம்முடைய ஒழுங்கைத் தெருவுக்குள் பாட்டை நிறுத்தச் சொன்னார். அந்த நல்ல மனிதர் நிறுத்தினார். மூன்று நாள் ஒழுங்கைக்கே பாண் வந்து போனது தெரியவில்லை. நாலாம் நாள் பெண்கள் வந்து நானாவிடம் கதைத்த கதையை இங்கே எழுத முடியாது.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஸ்டோரின் மூலையில் உப்பு மூடைகளை ஆளுயரத்துக்கு நாலு பக்கமும் அடுக்கி, நடுவில் ஒரு கதிரை போட்டார். உள்ளே நின்று கைதட்டினேன். எதிரொலியே இல்லை. காற்று, காகம், பாண் எல்லாம் வெளியே நின்றுவிட்டன. கொழும்பிலும் இப்படி ஓர் அறை இருக்காது என்று நானே சொன்னேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

ஒரு கிழமை ராத்தா அந்த உப்புக்குள் உட்கார்ந்து பாடினார். ஒவ்வொரு தடவையும் முடிந்தவுடன் மூடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து "இன்னொருக்கா" என்று குரல் வரும். இருபத்தாறு தடவை. உதட்டை நக்கினால் கரிக்கிறது என்று ராத்தா சொன்னபோதாவது எங்களுக்கு உறைத்திருக்கவேண்டும். உப்பு ராத்தாவின் உதட்டோடு நிற்கவில்லை, மைக்குக்குள்ளேயும் போயிருந்தது. வயர் செருகும் இடம் பச்சை பிடித்து, இருபத்தாறு பதிவிலும் அப்பளம் பொரிகிற சத்தம். புத்தளத்தில் பிறந்து, உப்பு இரும்பைத் தின்பதைத் தினம் பார்க்கிற இரண்டு பேர் செய்த வேலை இது.

ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு நாள்தான் இருந்தது. நல்லதாக ஒரு பதிவைத் தெரிந்தெடுத்து, இரைச்சல் நீக்குகிற விசையை நானா அழுத்தினார். கொஞ்சம் போனது. இன்னொருக்கா அழுத்தினார். இன்னும் போனது. ஒன்பது தடவை. அப்பளச் சத்தம் முழுதாக நின்றது. இடத்தை அடைக்கிறது என்று மற்ற இருபத்தைந்தையும் அழித்துவிட்டு, சுத்தம் பண்ணியதைச் சேமித்து, லேப்டாப்பை மூடிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, ஆஸ்பத்திரிக்கு உடுப்பு மடித்துக்கொண்டிருந்த ராத்தாவின் காதில் ஹெட்போனை மாட்டினார். நானும் அங்கேதான் இருந்தேன். ராத்தா கொஞ்ச நேரம் கேட்டார்.

"இது ஆரு?"

"நீங்கதான்."

"இடையில மூச்சே எடுக்கிறால்லயே. மௌத்தானவவா பாடுற?"

நானா ஹெட்போனை வாங்கிக் கேட்டார். செத்தவர் பாட்டேதான். இரைச்சலோடு சேர்த்து ராத்தாவின் மூச்சையும், அடிக்கு அடி உள்ள சிரிப்பையும் அவர் கழுவி ஊற்றியிருந்தார். உடனே தௌபா விசையை அழுத்தினார். சேமித்து மூடிவிட்டுத் திறந்த லேப்டாப்புக்குப் பழையது எதுவும் ஞாபகத்தில் இல்லை. திரும்பத் திரும்ப அழுத்தினார். பிறகு கதிரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அந்த மனுசன் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

ராத்தா மடித்த உடுப்பை ஒரு பக்கம் வைத்தார். என் பக்கம் திரும்பி, "தம்பி, ஒங்கட ஃபோன்ல பதிவ அமத்துங்க" என்றார். பிறகு நானாவைப் பார்த்து, இருபத்தாறு தடவை தான் கேட்ட அந்தச் சொல்லைத் தானே சொன்னார்.

"இன்னொருக்கா."

பாடினார். ஜன்னல் அடித்தது. காகம் கரைந்தது. இரண்டாம் அடியில் பாண் ஓட்டோ தன் பாட்டோடு நுழைந்து முழு ஒழுங்கையையும் சுற்றிப் போனது. ராத்தா நிறுத்தவில்லை. முளையைப் பாடி முடித்து, அந்த இடத்திலேயே புதிதாக ஒன்றும் கட்டினார்:

"உப்புக்குள்ள என்னைக் கொண்டு வெச்சாரே ராத்தா,
கருவாடு போடத்தான் பார்த்தாரே ராத்தா."

சிரிப்பை அடக்க என்னால் முடியவில்லை. அந்தச் சிரிப்பும் பதிவில் இருக்கிறது.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். குரல்தான் கரகரத்து இறங்கிவிட்டது. மேலே போக ஏலாது. இப்போதும் கலியாண வீடுகளுக்குக் கூப்பிடுகிறார்கள். ராத்தா பாடாமல் வசனமாகவே மாப்பிள்ளையைக் கிழிக்கிறார், சிரிப்புக்குக் குறைவில்லை. நானாவின் வீட்டுக்கு இப்போது பாட்டுப் பதியவும் ஆட்கள் வருகிறார்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பதிகிறார்.

அந்தப் பாட்டின் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. நானா அதில் பாண் ஓட்டோவைக்கூடக் குறைக்கவில்லை. கடைசி அடிக்குப் பிறகு பதினொரு விநாடி பாட்டில்லை. காற்று மட்டும் வரும், ராத்தாவின் மூச்சு வரும். வழக்கம்போல நானா அந்தச் சொல்லைச் சொல்லப்போகிறார் என்று ராத்தாவும் நானும் காத்துக்கொண்டிருந்த நேரம் அது. அவர் சொல்லவில்லை. வெட்டத் தெரிந்த பிறகும் அந்தப் பதினொரு விநாடியை அவர் வெட்டவில்லை. நான் அதைக் கேட்கத்தான் அந்தப் பாட்டைப் போடுவது.