புளி படாத அண்டா

செல்லப்பன் வீட்டில் புளிக்குத் தடை. குழம்புக்குக் கரைக்கலாம், ரசத்துக்குக் கரைக்கலாம், அதற்கெல்லாம் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். கரைத்த கையோடு முன்னறைப் பக்கம் மட்டும் யாரும் போகக் கூடாது. போனால் மனுஷன் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு எடை மேடை வைத்திருக்கிறவர். லாரி சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. நாலு வீடு தள்ளித் தூளியில் தூங்குகிற பிள்ளை எழுந்துகொள்ளும்.

மனுஷனுக்குப் பழைய சாமான் பைத்தியம். எந்த ஊரில் ஏலம் என்றாலும் எடை மேடையை ஆளிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடுவார். முன்னறை முழுக்க ஓடாத கடிகாரம், பேசாத டெலிபோன், திறக்காத பூட்டு. பித்தளைச் சாமான் மேலே பச்சை பச்சையாகப் படிந்திருக்கிறதே களிம்பு, அதுதான் பொருளின் வயசு, அதைத் தொட்டால் மதிப்பு போச்சு என்பது அவர் கட்சி. போன ஆடியில் அவர் மனைவி சிந்தாமணி ஒரு குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். பளபளவென்று இருந்தது. செல்லப்பன் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. முந்நூறு வருஷத்தைப் பத்து நிமிஷத்தில் தேய்த்துச் சாக்கடையில் ஊற்றிவிட்டாள் என்று தெருவே கேட்கக் கத்தினார். அன்றைக்குப் போட்டதுதான் இந்தச் சட்டம்.

அந்த வீட்டில் இதைவிடப் பழைய சட்டம் ஒன்றும் உண்டு. சிந்தாமணியின் அண்ணன் இளவரசன் வாசற்படி ஏறக் கூடாது. இருபது வருஷமாக அமலில் இருக்கிறது.

மகள் தமிழ்மொழிக்குக் காது குத்தினபோது, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தினார்கள். விருந்து முடிந்த மறுவாரம் இளவரசன், சிந்தாமணிக்குச் சீராக வந்த பெரிய பித்தளை அண்டாவை, ஊரில் கோயிலுக்குக் கஞ்சி ஊற்ற வேண்டும் என்று கேட்டு விக்கிரமங்கலத்துக்கு எடுத்துப் போனார். அந்த அண்டா திரும்பி வரவேயில்லை என்று செல்லப்பன் சொன்னார். கொண்டுவந்து கொடுத்துவிட்டேன் என்று இளவரசன் கோயில் முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். பொய்ச் சத்தியம் செய்கிறவன் உறவு வேண்டாம் என்று செல்லப்பன் ஒரே போடாகப் போட்டார். புருஷன் பேச்சை நம்பிய சிந்தாமணியும் அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

இதில் ஒரே ஒரு சின்ன விஷயம் உண்டு. அண்டா திரும்பி வந்தது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சிந்தாமணி கடலைக் கொல்லைக்குப் போயிருந்தபோது, இளவரசன் டிராக்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். அவர் போன அரை மணி நேரத்தில் பெரம்பலூர்ப் பக்கமிருந்து முத்துவேல் என்று ஒருத்தன் சாக்கில் சுற்றிய வாளோடு வந்தான். ரஞ்சன்குடிக் கோட்டைச் சண்டையில் கிடந்த வாள் என்றான். வாங்கிய வாளைச் செல்லப்பன் கீழே வைக்கவேயில்லை. கையில் காசில்லை, கண்ணெதிரே அண்டா இருந்தது. வாள் சுவருக்கு ஏறியது, அண்டா முத்துவேலின் சைக்கிளுக்கு ஏறியது. அந்த வாள் நாடகத்துக்கு அடித்த தகர வாள் என்று திருச்சியில் விஷயம் தெரிந்த ஒருவர் சொன்னதை இவர் இன்றுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை.

இப்போது தமிழ்மொழிக்குக் கல்யாணம். தை மாசம் தேதி குறித்தாகிவிட்டது. தாய்மாமன் இல்லாமல் எப்படி என்று மாப்பிள்ளை வீட்டிலேயே கேட்டார்கள். தமிழ்மொழி, மாமா வந்து மாலை எடுத்துக் கொடுக்காவிட்டால் மணையில் உட்காரவே மாட்டேன் என்று ஒரு மூலையில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பத்திரிகையை எடுத்துக்கொண்டு நாம் ரெண்டு பேரும் ஒரு நடை விக்கிரமங்கலம் போய்விட்டு வரலாம் என்று சிந்தாமணி மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை செல்லப்பன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். விட்டுக்கொடுத்தால் பழைய பேச்சு கிளம்பும், கிளம்பினால் அந்த வியாழக்கிழமையும் கிளம்பும் என்று உள்ளுக்குள் அவருக்குப் பயம். பயம் வந்தால் அவருக்குக் கோபமும் கூடவே வந்துவிடும்.

"அந்த அண்டா என் வாசல்ல வந்து எறங்கட்டும். அன்னிக்கு உன் அண்ணன் உள்ள வரட்டும். நானே வாயத் தொறந்து மச்சான்னு கூப்புடுறேன். அது வரைக்கும் அவன் பேர எடுக்காத."

"சொன்னது சொன்னதுதான?"

"செல்லப்பன் பேச்சு மாற மாட்டான்."

சிந்தாமணி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

நாலு நாள் கழித்து செல்லப்பனின் போனில் ஒரு படம் வந்தது. முத்துவேல் இப்போது சைக்கிள்காரன் இல்லை; பெரம்பலூரில் மண்டபம் பிடித்து மாசம் ஒருமுறை பழம்பொருள் ஏலம் விடுகிற பெரிய மனுஷன். வாட்ஸ்அப்பில் குரூப் வைத்திருக்கிறான். 'ஜமீன் அரண்மனை அடுப்படி அண்டா, களிம்பு கலையாதது' என்று போட்டிருந்தான். அடியிலிருந்து கழுத்துவரை பச்சைக் களிம்பு. ஒரு பக்கக் காதில் பித்தளை வளையம், இன்னொரு பக்கம் இரும்பு வளையம். செல்லப்பன் சொக்கிப்போனார். யாரிடமாவது காட்டியாக வேண்டும். வீட்டில் இருந்தது சிந்தாமணிதான்.

அவள் போனை வாங்கி வெகு நேரம் பார்த்தாள். அந்த இரும்பு வளையம் எதுக்குங்க என்று கேட்டாள். யானை முதுகில் கட்டித் தூக்கிப் போவதற்கு, பித்தளை தாங்காது என்று செல்லப்பன் விளக்கினார். ஏலம் என்றைக்கு என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்றார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் இவளுக்கு இப்போதாவது அறிவு வந்ததே என்று அவருக்கு அன்றைக்கு ரொம்ப சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். வந்தவர்களில் பாதிப் பேர் டீக்கும் போண்டாவுக்கும் வந்தவர்கள். அண்டாவை எட்டாயிரத்தில் ஆரம்பித்தான் முத்துவேல். செல்லப்பன் கை தூக்கினார். வேறு யாரும் தூக்கவில்லை. முடிந்தது என்று நினைத்து எழப் போனபோது பின்னாலிருந்து ஒரு குரல் ஒன்பது என்றது.

திரும்பிப் பார்த்தார். கடைசி வரிசையில், தோளில் துண்டோடு, இளவரசன்.

செல்லப்பனுக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. பருத்திக் கொல்லையில் கிடக்கிற பயலுக்குப் பழம்பொருளைப் பற்றி என்ன தெரியும்? தன்னை அவமானப்படுத்தத்தான் வந்திருக்கிறான். பன்னிரண்டு என்றார். பதிமூன்று என்றார் இளவரசன், தாடையைச் சொறிந்துகொண்டே. செல்லப்பன் இருபதுக்குத் தாவினார். அவர் இருபத்தொன்று என்றார். முப்பது என்று செல்லப்பன் கத்தின கத்தலில் போண்டா தின்றுகொண்டிருந்தவருக்குப் புரையேறியது. முப்பத்தொன்று. நாற்பது. நாற்பதாயிரத்து ஐந்நூறு. அடுத்து நாற்பத்தோராயிரம் என்று செல்லப்பன் நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்து நின்றார். வாய் கோணியது, வேட்டி அவிழ்ந்ததும் தெரியவில்லை.

இளவரசன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். தோற்றவன் முகம் அப்படி இருக்காது. ஜெயித்த வெறியில் செல்லப்பனுக்கு அது உறைக்கவில்லை.

சாயங்காலம் குட்டியானை வண்டியில் அண்டா வந்து இறங்கியது. சிந்தாமணி மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டு ஆலம் கரைத்துத் தட்டோடு வாசலில் நின்றாள். அண்டாவுக்கு ஆலம் சுற்றுகிற பெண்பிள்ளையை அந்தத் தெரு அன்றைக்குத்தான் பார்த்தது. அக்கம்பக்கம் எல்லாம் கூடிவிட்டது.

"ஏங்க, வாசல்ல எறக்கியாச்சா?"

"எறக்கியாச்சு."

"நீங்களே உங்க கையால எறக்குனீங்களா?"

"பின்ன யாரு எறக்குவா? கண்ணு தெரியலயா உனக்கு?"

சரி என்று சொல்லிவிட்டு, அவள் கூடியிருந்தவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். செல்லப்பன் அவர்களுக்கு யானைக் கதையைச் சொன்னார். அதோடு இளவரசனை மண்ணைக் கவ்வவைத்த கதையையும் இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் எடை மேடைக்குப் போய்விட்டு மத்தியானம் சாப்பிட வந்தவர், முற்றத்தில் காலை வைத்ததும் அப்படியே நின்றுவிட்டார். அண்டாவின் வெளிப்பக்கம் வெயிலில் கண்ணைப் பறித்தது. பக்கத்தில் ஒரு பானை புளித்தண்ணி. கையில் தேங்காய் நாரோடு சிந்தாமணி. பச்சைப் பச்சையாய்த் தண்ணி வழிந்து வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் வாயில் வந்ததை எல்லாம் எழுத முடியாது. நாற்பத்தோராயிரம் என்றார். ஜமீன் என்றார். நீ மனுஷியா என்றார். நாரைப் பிடுங்கி மதில் தாண்டி எறிந்தார். புளிப் பானையை உதைத்தார்; அது மண்பானை இல்லை, வெண்கலம், கால் கட்டைவிரல் வீங்கியது. அதற்கும் சேர்த்து அவளைத் திட்டினார். களிம்பில்லாத அண்டா வெறும் ஏனம், இதில் இனி புண்ணாக்குதான் ஊறவைக்கலாம் என்று கத்தினார். குரல் கம்மிப்போய்த் தானாக நிற்கும்வரை சிந்தாமணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சிச்சா? திருமழபாடிக்குப் போனா கோயில் செவுத்தத் தடவித் தடவிக் கல்வெட்டு படிப்பீங்கல்ல. களிம்புக்கு அடியில இங்கயும் ஒண்ணு இருக்கு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. படிங்க."

பழைய எழுத்து என்றதும் மனுஷனுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. பாவி மனுஷன் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து உரக்கப் படித்தார்.

"விக்கிரமங்கலம்... கண்ணையன்... மகள்... சிந்தா..."

அதோடு நிறுத்திவிட்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? மகள் சிந்தாமணிக்குச் சீர். தேதியும் வெட்டிருக்கு, அதையும் படிங்க. நம்ம கல்யாணத் தேதி."

செல்லப்பன் நிமிரவில்லை. நிமிர்ந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். குனிந்தபடியே யோசித்தார். பிறகு, பார்த்தியா, உன் அண்ணன்தான் முத்துவேலிடம் விற்றிருக்கிறான் என்று எனக்கு அப்போதே தெரியும் என்றார். சொல்லும்போதே குரல் இழுத்தது.

"எங்கண்ணன் வித்திருந்தா வாளு எங்கண்ணன் வூட்டுலல்ல தொங்கணும்? நம்ம வூட்டுல எதுக்குத் தொங்குது?"

செல்லப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த இரும்பு வளையம் யானைக்கு இல்லீங்க. காதுகுத்துல சோறு எறக்கறப்ப பித்தளை வளையம் பிஞ்சிபோச்சு, நான்தான் கொல்லன்கிட்ட சொல்லி மாட்டுனேன். நீங்க சோத்தத் தவிர அடுப்பங்கரையில எதப் பாத்திருக்கீங்க? படத்தப் பாத்த அன்னிக்கே இருபது வருஷத்துக்கு அப்புறம் எங்கண்ணனுக்குப் போனப் போட்டேன். அவரு பெரம்பலூர் போயி முத்துவேலுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்தாரு. எடை மேடைக்காரர் ஒருத்தர்கிட்ட தகர வாளக் குடுத்து அண்டா வாங்குன கதைய அவன் சிரிச்சிச் சிரிச்சிச் சொன்னானாம்."

இவ்வளவையும் நிதானமாகச் சொன்னவளுக்கு அதற்கு மேல் குரல் உடைந்துபோனது.

"எங்கம்மா செத்துக் கெடந்தப்பகூட நான் அவருகிட்ட ஒரு வார்த்த பேசல. நீங்க பக்கத்துலதான நின்னீங்க? உங்களுக்கு எப்புடிங்க மனசு வந்துச்சு?"

செல்லப்பனுக்கு உடம்பெல்லாம் கூசியது. தப்புதான் என்று முனகினார். பிறகும் அந்தப் பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. அதைத்தான் சொல்லியிருக்கலாமே, அவன் எதற்கு ஏலத்தில் வந்து விலையை ஏற்றினான் என்று கேட்டார்.

"நான்தான் ஏத்தச் சொன்னேன். அவரு கேட்டாத்தான நீங்க விடமாட்டீங்க. நீங்க வித்தத நீங்கதான் வாங்கி, உங்க கையால வாசல்ல எறக்கணும். அதான உங்க பேச்சு?"

சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பி, அண்ணே, உள்ள வாங்க என்று கூப்பிட்டாள். வேப்பமரத்தடியில் மோட்டார் சைக்கிளில் காத்திருந்த இளவரசன், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இருபது வருஷத்துக்குப் பிறகு அந்தப் படியேறி வந்தார். தமிழ்மொழி ஓடிப்போய் மாமனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. நல்லாருக்கீங்களா மாப்ள என்று மட்டும் கேட்டார். அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

செல்லப்பன் எதையோ பார்ப்பது போல அண்டாவையே பார்த்தார். சிந்தாமணி உள்ளே போய் ஒரு உருண்டைப் புளியும் புது நாரும் எடுத்து வந்து அவர் கையில் திணித்தாள்.

"கல்யாணத்துக்கு இதுலதான் சாம்பார். வெளிய நான் தேய்ச்சிட்டேன், உள்ளதான் எனக்கு எட்டல. முடிச்சிட்டு முன்னறைக்குப் போங்க. அங்க நாப்பது சாமான் இருக்கு. எதுல எந்தப் பொம்பள பேரு இருக்கோ, பாத்துருவோம்."

அண்ணனும் தங்கையும் சோற்றுக்கு இலை போட உள்ளே போனார்கள். செல்லப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். அண்டாவைச் சாய்த்து, தலையையும் தோளையும் உள்ளே நுழைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் புளி காய்ந்துபோய் நார் வழுக்கவில்லை. சிந்தாமணியைக் கூப்பிட்டார், வரவில்லை. மகளைக் கூப்பிட்டார், வரவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவ முற்றத்துக்கு வந்தது இளவரசன்தான்.

அண்டாவுக்குள்ளிருந்து, அடங்கிப்போய், எதிரொலியோடு குரல் வந்தது.

"மச்சான்... கொஞ்சம் புளித்தண்ணி ஊத்துங்க."