மூன்று துறைகளும் ஒரு கம்பமும்

பிள்ளையின் படிப்புக்கு உதவ நினைக்கும் தாய் முதலில் அந்த அறையை விட்டு வெளியேற வேண்டும். இது எனக்கு ஐம்பது வயதுக்குப் பிறகுதான் விளங்கியது. அதுவும் கணினித் திரையில் இரண்டு அந்நியர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

மகள் ஆரணி ஒஸ்லோவில் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். மின்சாரம், குடிநீர், எரிபொருள் என்று வெவ்வேறு சேவைகளை, அரசுக்கும் கம்பனிக்கும் வளையாமல், ஒரே சுயாதீன ஆணைக்குழு எப்படிக் கண்காணிக்கலாம் என்பது அவளுடைய ஆய்வு. அப்படியான ஓர் ஆணைக்குழுவின் அதிகாரி ஒருவரைக் கொழும்பில் கண்டுபிடித்து, குளிர்காலம் முழுக்க மின்னஞ்சல் எழுதினாள். ஆய்வை ஒப்படைக்கும் நாள் நெருங்கியபோதுதான் அவர் பேட்டிக்குச் சம்மதித்தார். அந்தப் பேட்டி இல்லாவிட்டால் முக்கியமான அத்தியாயமே இல்லை. (அவள் நன்றாகத்தான் நித்திரை கொண்டாள். முழித்துக் கிடந்தது நான்.)

ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் இணையம் ஒழுங்காக வருவது ஹோலில். ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் கதவு கிடையாது.

“அம்மா, நீங்கள் குசினியிலையே நில்லுங்கோ. ஒண்டும் கதைக்கக் கூடாது.”

“நான் ஏன் கதைக்கப் போறன்?” என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

திரையில் ஒரு பக்கம் அவளுடைய நோர்வேஜியப் பேராசிரியை, மறு பக்கம் அதிகாரி சிவநேசன். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. மனிதர் நன்றாக விளக்கினார். கட்டணம் சரியா என்று பார்ப்பவர்களையும் சட்டம் தெரிந்தவர்களையும் எல்லாத் துறைக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாமாம். மின்சாரத்தில் கற்ற பாடம் தண்ணீருக்கு உதவுமாம். ஒரு கம்பனியை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவர் நாளடைவில் அந்தக் கம்பனியின் ஆளாகிவிடக்கூடும், பலவற்றைப் பார்ப்பவருக்கு அந்த ஆபத்துக் குறைவு என்றார். ஆனால் மின்சாரத்தில் நெருக்கடி வந்தால் மற்றத் துறைகளைத் திரும்பிப் பார்க்க ஆள் இராது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த எனக்குள் இதில் இறங்கியது ஒன்றுதான்: கரண்ட், தண்ணி, எண்ணெய் எல்லாம் இந்த மனுசனின் கைக்குள்.

ஊரில், கொக்குவிலில் என் அக்காவின் கேற்றுக்கு முன்னால் ஒரு கம்பம் சரிந்து நிற்கிறது. அதைப் பற்றிச் சொல்லாமல் அக்கா தொலைபேசியை வைத்ததே இல்லை.

தேநீரைக் கொண்டுபோய் மகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். என் முகம் கமெராவுக்குள் விழுந்தது. அதிகாரி மரியாதையாக “வணக்கம் அம்மா” என்றார். அத்தோடு என் பிடி விட்டுப்போனது.

“வணக்கம் தம்பி. நீங்கள் எந்த இடம்?”

“நான் வவுனியா. வைஃப் கொக்குவில்.”

“கொக்குவிலோ? கொக்குவிலிலை எவடம்?”

“அம்மா,” என்றாள் ஆரணி, உதடு அசையாமல்.

“பொறு பிள்ளை. தம்பி, எங்கட அக்கா வீட்டுக் கேற்றடியிலை ஒரு கம்பம் இண்டைக்கோ நாளைக்கோ எண்டு நிக்குது. நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னா நிமித்தி விடுவாங்கள். ஒரே ஊராப் போச்சுது.”

அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல உள்ளே போனது.

“அம்மா, நான் கம்பம் நடுறேல்லை. நடுறவை ஒழுங்கா நடுகினமோ எண்டு பாக்கிறனான். இப்ப நீங்கள் சொன்னது முறைப்பாடு. முறைப்பாடு சொன்ன வீட்டுக்கு நான் தொடர்ந்து பேட்டி குடுக்கேலாது. மேலிடத்துக்கு அறிவிக்க வேணும்.”

“முறைப்பாடில்லைத் தம்பி, ஒரு உதவி.”

“அது இன்னும் மோசம் அம்மா.”

பேராசிரியை என்ன நடந்தது என்று விசாரித்தார். ஆரணி நோர்வேஜியனில் சொன்னாள். அதில் நான் அவளுடைய அம்மாவாக வரவில்லை, “சம்பந்தப்பட்ட தரப்பு” என்றுதான் வந்தேன். அதிகாரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரையிலிருந்து மறைந்தார்.

மகள் ஏசவில்லை. கணினியை மூடிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள். நான் திரும்பிப் போய் மிச்ச வெங்காயத்தை வெட்டினேன். கண்ணீருக்குக் காரணம் சொல்லத் தேவைப்படவில்லை. வேலையால் வந்த கணவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, “கம்பத்துக்கோ?” என்று மட்டும் கேட்டார்.

பிறகு பேராசிரியையும் மகளுமாக ஆணைக்குழுவுக்கு எழுதினார்கள். எங்கள் அக்காவின் விசயம் முறைப்பாட்டுப் பிரிவுக்குப் போனது. கடைசி நேரத்தில் வேறோர் அதிகாரி பேட்டி கொடுத்தார். அன்றைக்கு எனக்கு வீட்டில் நிற்க அனுமதி இல்லை. அத்தியாயம் தப்பியது. பேராசிரியை சொல்லி, அதில் ஒரு பந்தியும் கூடியது: கண்காணிப்பாளரின் சுயாதீனத்தை அமைச்சர்கள் மட்டுமல்ல, சாதாரண குடும்பங்களும் நெருக்குகின்றன என்று. உதாரணமாக “நுகர்வோரின் உறவினர் ஒருவர்” வருகிறார். அது நான்தான்.

அதன் பிறகு அக்காவுக்குப் பதில் கிடைத்தது. சரிந்து நிற்பது மின்கம்பமே இல்லையாம், தொலைபேசிக் கம்பமாம். தொலைபேசி அந்த ஆணைக்குழுவுக்குக் கீழ் வராது, அதற்கு வேறோர் ஆணைக்குழு இருக்கிறதாம்.

அந்தப் பேட்டி குழம்பிய பிறகு, இதைக் கேட்ட அன்றுதான் ஆரணி முதல்தடவையாகச் சிரித்தாள். சிரித்து முடிய நெடுநேரம் எடுத்தது.

அண்மையில் அவளுக்கு வேலைக்கான நேர்முகம் ஒன்று கணினியில் நடந்தது. யாரும் சொல்லாமலே நான் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு டி-பானே என்ற நகர ரயிலில் ஏறி, பாதையின் மறு அந்தம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். வேலை கிடைத்துவிட்டது. சந்தோசத்தில், “அங்கை உன்னோடை வேலை செய்யிறவையிலை கலியாணம் முடிக்காத ஆரும் இருக்கினமோ?” என்று கேட்டேன்.

குசினிக்குள் இருந்து கணவரின் குரல் வந்தது.

“அது வேறை ஆணைக்குழு.”