மூன்றாவது நாற்காலி

கூட்டத்துக்கு வந்திருந்தோர்: சோபாவின் இடது மூலையில் எழுத்தரின் மனைவி. வலது மூலையில் அவள் தம்பி. இருவருக்கும் நடுவே தம்பியின் கால்கள். ஜன்னலோர முக்காலியில் மகள். எழுத்தர் வழக்கம்போல் கதவு நிலையில் சாய்ந்து நின்று, நோட்டைச் சுவரில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

பொருள்: கடைக்காரர் கடிதத்தில் நாற்காலி இரண்டு. கூடத்தில் இருப்பது மூன்று.

"ஒண்ணு கூடுதலா வந்தா சந்தோஷப்படுவாங்களா, கூட்டம் போடுவாங்களா?" என்றாள் மனைவி.

எழுத்தர் இருபத்திரண்டு வருடமாக அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு எழுதுபவர். வீட்டிலும் குறிப்பெடுத்து, ஓட்டெடுத்து, கடிதம் போட்டுத்தான் எதையும் முடிப்பார். அப்படி முடிவாகி வந்த எதிலும் அவர் உட்கார்ந்ததில்லை. சோபா வந்தது, பத்து நாள் தங்கிப் போக வந்த மைத்துனன் பதினோரு மாதமாக அதில் படுத்திருந்தான். முக்காலி வந்தது, அதை மகள் பிடித்துக்கொண்டாள்.

போன மாதம் பதவி உயர்வு கிடைத்தபோது மனைவியே மனமிரங்கினாள். "உங்களுக்குன்னு ஒரு நல்ல நாற்காலி வாங்கிக்குங்க. வேற யாரும் உட்கார மாட்டோம்."

முடிவெட்டும் கடைப் பத்திரிகையில் அவர் ஒரு படம் பார்த்திருந்தார். இத்தாலிக்காரர்கள் ஐம்பது அறுபது வருடத்துக்கு முன் வடிவமைத்த சாய்வு நாற்காலிகள். அவற்றில் உட்கார்ந்திருந்த யாருடைய முகத்திலும் வீட்டில் மைத்துனன் இருப்பவர்களின் களைப்பு இல்லை. பழைய வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடைக்கு எழுதினார். இரண்டு அனுப்புகிறோம், ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள், பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்புங்கள் என்று பதில் வந்தது. பின்னாலேயே வேனும் வந்தது. ஓட்டுநர் அவசர அவசரமாக இறக்கிவைத்துப் போய்விட்டார்.

"எதுக்கும் ஒரு கடுதாசி போட்டுக் கேட்டுடறேன்," என்றார் எழுத்தர். போட்டார்.

முதல் நாற்காலி கறுப்புத் தோல். தரையைத் தொடும் தாழ்வு. மைத்துனன்தான் முதலில் விழுந்தான்.

"அத்தான், இது நாற்காலி இல்ல, கிணறு. கயிறு போடுங்க!"

ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தெடுத்தார்கள். உயரம் போதவில்லை என்று எழுத்தர் நான்கு கால்களுக்கும் செங்கல் வைத்தார். மறுநாள் ஒரு செங்கல் உடைந்து, மைத்துனன் தேநீரோடு சரிந்தான். தோலில் பெரிய கறை. மகள் ஷூ பாலிஷ் போட்டுத் தேய்த்தாள். கறை போய்விட்டது. பாலிஷ் மைத்துனனின் கால்சட்டைக்கு வந்து, அங்கிருந்து சோபாவுக்குப் போனது. சோபா உறை சலவைக்குப் போனது. இப்போது வீட்டில் நின்றுகொண்டிருப்பவர் எண்ணிக்கை மூன்றானது.

"நல்லா இருந்த வீடு," என்றாள் மனைவி.

இரண்டாவது, வளைந்த எஃகுக் குழாய் நாற்காலி. பின்னங்கால் கிடையாது. உட்கார்ந்தால் வில் போல மேலும் கீழும் ஆடும். உட்கார்ந்தவர் தலையும் கூடவே ஆடும்.

எழுத்தர் அதில் உட்கார்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தபோது மனைவி கேட்டாள்: "ஏங்க, தம்பி இன்னும் ஒரு வருஷம் இங்கயே இருக்கட்டுமா?"

எழுத்தரின் தலை ஆறு தடவை ஆடியது.

"பார்த்தியாடா, அத்தான் மனசு!"

"நான் ஒண்ணும் சொல்லலையே!" என்று அவர் பதறி முன்னே சாய்ந்தார். தலை இன்னும் வேகமாக ஆடியது. மகள் அதைக் குறிப்பேட்டில் ஏற்றிவிட்டாள். ஏற்றியதை அடிப்பது அவர் தொழில் தர்மத்தில் இல்லை.

அன்று மாலை, போக்கிடமில்லாமல்தான் மூன்றாவதில் உட்கார்ந்தார். மங்கிய பச்சை உறை. கால்களே இல்லை, ஒரு பழைய மரப்பெட்டிமேல் தூக்கி வைத்திருந்தார்கள். உட்கார்ந்தவர் கண்களை மூடிக்கொண்டார். இடுப்பு தானாக அதன் இடத்தைக் கண்டுகொண்டது. நெடுந்தூரம் போய்வந்த ஒரு வாசனை அதில் இருந்தது.

"என்னங்க, உயிரோட இருக்கீங்களா?"

"உஷ்," என்றார் எழுத்தர்.

பிறகு பூதக்கண்ணாடியோடு குனிந்தார். "அடியில நாலு ஓட்டை இருக்கே, எதுக்கா இருக்கும்?"

"காத்துப் போறதுக்குப்பா," என்றாள் மகள்.

"பக்கத்துல இந்த இரும்புப் பிடி?"

மைத்துனன் இழுத்தான். முதுகு அழகாகச் சாய்ந்தது. "மூளைன்னா இத்தாலிக்காரன் மூளைதான் அத்தான்!"

ஐந்தாம் நாள் கடைக்காரரின் பதில் வந்தது. எழுத்தர் உரக்கப் படித்தார்: "'தாங்கள் குறிப்பிடும் மூன்றாவது இருக்கை மிகவும் அபூர்வமானது. வடிவமைத்தவர் தம் பெயரை வெளியிட விரும்பாத மேதை. கால் இல்லாமை அவருடைய தனி முத்திரை.'"

மைத்துனன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். மேதைக்குச் செலுத்தும் மரியாதை. பிறகு மூன்று பேருக்கும் அதன்மேல் ஆசை வந்துவிட்டது. மைத்துனன் விடிந்ததும் அதில் இடம் பிடித்தான். மகள் பாடப்புத்தகத்தை அதற்கு மாற்றினாள். உட்கார மாட்டோம் என்று சொன்ன மனைவியும், "சும்மா தூசி தட்டினேன்," என்று அரைமணி நேரம் தட்டினாள்.

ஏழாம் நாள் எழுத்தர் கடைசிக் கூட்டத்தைக் கூட்டினார். அவர் குரல் முதல்முறையாக உயர்ந்தது.

"ஓட்டெடுப்பு வேண்டாம். இருபத்திரண்டு வருஷமா நின்னுட்டேன். மூணாவது என்னுது. அவ்வளவுதான்."

யாரும் மறுக்கவில்லை. மைத்துனன்கூட எழுந்து கையால் துடைத்துக் கொடுத்தான்.

எழுத்தர் அதில் அமர்ந்து, தொடைமேல் நோட்டை வைத்துக் கடிதம் எழுதினார். முதல் இரண்டும் திருப்பி அனுப்பப்படுகின்றன. மூன்றாவதை, அந்த மேதைக்கு எம் வணக்கத்துடன், வைத்துக்கொள்கிறோம். இரண்டு முறை படித்து, மடித்து, உறையில் போட்டு, பசை தடவி, நகத்தால் ஓரம் தேய்த்து ஒட்டினார்.

வாசலில் வேன் வந்து நின்றது. ஓட்டுநர் உள்ளே வந்தார். கடிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்தார். நிமிர்ந்தவர் எழுத்தரையே உற்றுப் பார்த்தார்.

"என்னப்பா பார்க்கறே? இத்தாலி."

"கொஞ்சம் எழுந்திரிங்க சார். ரெண்டு நாற்காலிக்கும் வேன்ல இடம் பத்தலைன்னு முன்சீட்டைக் கழட்டி வேன் கூரைமேல கட்டினேன், எந்த வீட்டுல இறக்கி வச்சேன்னே மறந்துபோச்சு; ஒரு வாரமா என் வீட்டுக்காரி வாளியைக் கவுத்துப் போட்டு உட்கார்ந்து வர்றா."