பிரேக்கைத் தொட்டால் ஹாரன்

"நேத்தே சொன்னேன், டாக்ஸி வைங்கன்னு..."

"டாக்ஸில கூட்டிட்டு வந்தா, வண்டிகூட இல்லாத வீடான்னு..."

"இந்த வண்டி இருக்கறதுக்கு இல்லாத வீடாவே..."

"கொஞ்சம் வாயை மூடு கும்-ரான், சிக்னல் வருது!"

மனைவியை அதட்டிக்கொண்டே மான்-ஹோ பிரேக்கை மிதித்தார். ஹாரன் அலறியது. முன்னால் நின்ற ஸ்கூட்டர்காரன் திரும்பி முறைத்தான்.

பிரேக் விளக்கு எரியவில்லையென்று காலையில் இவரே ஒயர்களைப் பிரித்து முறுக்கி ஒட்டியிருந்தார். விளக்கு இப்போது பளிச்சென்று எரிந்தது. கூடவே ஹாரனும் பாடியது.

வாரமெல்லாம் சோயாபீன் தோஃபு சுமக்கிற கிழட்டு வெள்ளை வேன். இன்று சம்பந்திகளைச் சுமக்க வேண்டும். சியோலிலிருந்து ரயிலில் வருகிறார்கள், முகம் பார்த்ததில்லை. ஹோட்டலில் பெண்ணும் பையனும் காத்திருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் பெரியவர்கள் தலையாட்டினால்தான் கல்யாணம். 'தோஃபு விக்கிற வீடா?' என்று பையனின் அம்மா ஏற்கெனவே மூக்கைச் சுளித்ததாகக் கேள்வி.

ஜெச்சோன் ஸ்டேஷன் வாசலில் பிரேக் போட்டதும் ஹாரன் பிடித்த பிடியை விடவேயில்லை. எஞ்சினை அணைத்தால் மறுபடி கிளம்பாது. மான்-ஹோ ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல், உட்கார்ந்தபடியே குனிந்து குனிந்து வணங்கினார். கடிகாரத்தின் கீழே ஒரு வயதான தம்பதி. கோட்டு சூட்டு, கையில் துணி மூட்டை. பையன் சொன்ன இடம் அதுதான்.

கும்-ரான் விசேஷத்துக்கென்று உடுத்தியிருந்த ரோஜா நிற ஹன்போக்கின் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி, பக்கக் கதவுக்கு ஓர் உதை விட்டாள். உதைத்தால்தான் அது திறக்கும், அதுவும் வெளியிலிருந்துதான்.

"வாங்க, வாங்க! ரொம்ப நேரமாச்சா?"

பெரியவர் என்னவோ கேட்டார். ஹாரன் அதை விழுங்கிவிட்டது.

"ஆமாங்க, ஆமா! ஏறுங்க!"

ஏறினார்கள்.

"முதல்ல சத்தத்தை நிறுத்துங்க, ஊரே பாக்குது!"

மான்-ஹோ குத்துமதிப்பாக ஒரு ஃப்யூஸைப் பிடுங்கினார். ஹாரன் செத்தது. அதோடு ஜன்னல் கண்ணாடிகளும் மூடின மேனிக்குச் செத்தன. வெளியே மே மாத வெயில். உள்ளே ஹீட்டர், எஞ்சின் கொதித்துவிடாமல் இருப்பதற்காக, முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது.

"ஹீட்டரைக் குறைங்களேன்."

"குறைச்சா எஞ்சின் வெந்துடும்."

"எஞ்சின் வெந்தா வேற மாத்தலாம். சம்பந்தி வெந்தா?"

அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். தம்பதி இருவரும் கண்களை இறுக மூடியிருந்தார்கள். உதடுகள் மட்டும் அசைந்தன.

"திட்டறாங்களா?"

"வாயசைவைப் பாத்தா நம்ம பரம்பரையையே இழுக்கறாங்க. போச்சு, எல்லாம் போச்சு!"

பாலத்தின் நடுவில் மான்-ஹோவுக்குப் பொறுக்கவில்லை. இன்னொரு ஃப்யூஸைப் பிடுங்கினார். ஹீட்டர் நின்றது. எஞ்சினும் நின்றது. சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றது, அவ்வளவுதான்.

ஆற்று நீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"இப்ப எந்த ஃப்யூஸைப் பிடுங்கப் போறீங்க? என் உசுருதான் மிச்சம்" என்று சொல்லும்போதே கும்-ரானுக்கு அழுகை வந்துவிட்டது.

மான்-ஹோ நெற்றியை ஸ்டியரிங்கில் முட்டினார். பிறகு இருக்கையில் முழங்காலிட்டுப் பின்பக்கம் திரும்பினார். மீசையிலிருந்து வேர்வை சொட்டியது.

"ஐயா, வண்டிதான் இப்படி. எம்பொண்ணு அப்படியில்லீங்க. உதைக்க வேணாம், தள்ள வேணாம், ஒரு வார்த்தை சொன்னா போதும். ஒத்தப் பொண்ணு. இந்தப் பாழாப்போன தகரத்தைப் பாத்துட்டு அவள வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க!"

பெரியவர் கண்ணைத் திறந்தார். மனைவியைப் பார்த்தார். அவள் மூட்டையை மடியோடு அணைத்துக்கொண்டாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"உங்க பொண்ணு நல்லா இருக்கட்டும் தம்பி... இது குன்றுமேட்டு சர்ச்சுக்குப் போற வண்டிதானே?"