பிச்சையா சொன்ன விருந்து

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும் வரைக்கும் நான் பார்த்த ஊர் நாகப்பட்டினம் ஒன்றுதான். ஆனால் மலாயாவில், ஜொகூர் பக்கத்துப் பத்து பாகாட்டில் தஞ்சாவூர், மதுரை, கோயம்புத்தூர், திருநெல்வேலி என்று அத்தனை ஜில்லாச் சமையலுக்கும் நான்தான் வாத்தியாரம்மா. இதைப் பொய் என்று சொல்லக் கூடாது. பிழைப்பு என்று சொல்ல வேண்டும்.

ரப்பர் விலை படுத்துவிட்ட காலம் அது. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் வீட்டுக்காரருக்குச் சம்பளத்தைப் பாதியாக வெட்டிவிட்டார்கள். நான் எடுப்புச் சாப்பாடு போட ஆரம்பித்தேன். கூடவே ஒரு சமையல் வகுப்பு. ஊரிலிருந்து கல்யாணமாகி வந்து இறங்கும் பெண்களுக்கு இங்கே அம்மாவும் கிடையாது, மாமியாரும் கிடையாது. புருஷனோ "எங்க ஊரு ருசி வரல" என்று தட்டைத் தள்ளுவான். அந்தப் பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். எந்த ஜில்லாப் புருஷனோ அந்த ஜில்லாச் சமையலைச் சொல்லிக் கொடுப்பேன். வழி ரொம்ப எளிது. எடுப்புச் சாப்பாட்டுக்கு வருகிற அந்த ஊர் ஆளிடம் "ஒங்க வீட்ல இத எப்படி வைப்பாங்க?" என்று பேச்சுவாக்கில் கேட்டுக்கொள்வது. மறுநாள் அதையே தாய்ப்பாலோடு குடித்த மாதிரி எடுத்துவிடுவது. யாராவது சந்தேகம் கிளப்பினால் "ஊருக்கு ஒரு நாக்கு" என்பேன். (பழமொழி மாதிரி இருக்கிறதல்லவா? நானே கட்டியது.)

இந்த லட்சணத்தில் என் நாத்தனார் தனத்துக்கு நிச்சயதார்த்தம் வந்தது. தாய் தகப்பன் இல்லாமல், அண்ணனை நம்பிக் கப்பலேறி வந்தவள். பத்தொன்பது வயது. அந்தக் காலத்தில் அந்த வயதைச் சொன்னாலே பெண் கேட்டு வந்தவர்கள் செருப்பைத் தேடுவார்கள். அப்படியும் ஜொகூர் பாருவிலிருந்து ஒரு வரன் அமைந்தது. ரயிலில் வேலை பார்க்கும் பையன், திருநெல்வேலிக் குடும்பம். பெண் பார்க்க வந்த அன்று, காப்பி கொண்டுபோன தனத்திடம் அவன் "சூடா இருக்கு, கை பத்திரம்" என்று சொன்னானாம். (காப்பி போட்டவளே அவள்தான். அவளுக்குத் தெரியாத சூடா?) ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இதுவும் நழுவினால் அவளுக்கு வேறு கதியில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சமையலுக்கு வெளியாள் வைக்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். நான் விடுவேனா?

"சம்பந்தி வீட்டுக்கு அவங்க ஊரு சாப்பாட்டையே போட்டு அசத்துறேன், பாருங்க" என்றேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டும் டிரெசராக இருந்த பிச்சையா திருநெல்வேலிக்காரர். என் எடுப்புச் சாப்பாட்டில் உடம்பு வளர்த்தவர். அவரைப் பிடித்தேன்.

"ஒங்க ஊர்ல நீங்க சாப்பிட்ட பெரிய பந்தி எது அண்ணே? என்னென்ன போட்டாங்க?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "கடைசியா ஊருக்குப் போனப்போ எங்க வீட்லயே ஒண்ணு போட்டோம், மதினி. ஊரே வந்து சாப்பிட்டுது. அகத்திக்கீரப் பொரியல், பாவக்கா புளிக்கொழம்பு, எள்ளுத் தொவையல்... அந்த ருசி இன்னும் நாக்குல நிக்கி."

என்ன பந்தி என்று நான் கேட்கவில்லை. வாத்தியாரம்மா போய் அதையெல்லாம் கேட்கலாமா?

பாகற்காயும் அகத்தியும் நல்ல காரியத்துக்கு ஆகாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் திருநெல்வேலியில் வழக்கம் வேறாக இருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். பாகற்காய் நறுக்க உட்கார்ந்த தனம் கேட்கத்தான் செய்தாள்.

"அண்ணி, நிச்சயத்துக்கு யாராச்சும் பாவக்கா வைப்பாங்களா?"

"ஊருக்கு ஒரு நாக்குடி."

"சரிங்க அண்ணி" என்று அவள் பாட்டுக்கு நறுக்க ஆரம்பித்தாள். அவ்வளவு நம்பிக்கை என் மேல்.

முதலில் ஆண்கள் பந்தி. எல்லோரும் இந்த நாட்டுக்கு வந்து வருஷக்கணக்காக மெஸ்ஸிலும் காப்பிக்கடையிலும் சாப்பிட்டு நாக்கு மரத்தவர்கள். எந்தக் கறி எந்தக் காரியத்துக்கு என்பதையெல்லாம் கப்பலிலேயே தொலைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பாகற்காய்க் குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்.

"இங்க வந்த பொறவு இன்னைக்குத்தாம்மா வாய்க்கு ருசியாச் சாப்பிடுதேன்."

கதவோரம் நின்ற எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்போதுதான் பந்தி நடுவில் உட்கார்ந்திருந்த பிச்சையா விசும்ப ஆரம்பித்தார். காரம் அதிகமோ என்று பக்கத்தில் இருந்தவர் தண்ணீரை நகர்த்தினார்.

"காரமில்லய்யா. எங்கப்பா நெனப்பு வந்துட்டு" என்றார் பிச்சையா. எச்சில் கையோடு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "அவரு பதினாறாம் நாள் பந்தி அப்படியே இருக்கு மதினி! ஒரு கறி கொறையல!"

பந்தி அப்படியே நின்றுபோயிற்று. உள்ளே இருந்த மாப்பிள்ளையின் அம்மா வெளியே வந்தார். ஓர் இலையைக் குனிந்து பார்த்தார். அகத்தி, பாகற்காய், எள்.

"நிச்சயத்துக்கு வந்தமா, எழவுக்கு வந்தமா?"

வாயில் இருந்த கவளத்தை மாப்பிள்ளையின் அப்பாவால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. (கடைசியில் விழுங்கிவிட்டுத்தான் எழுந்தார். பார்த்தேன்.) "இல்லிங்க, ஊருக்கு ஒரு..." என்று நான் ஆரம்பித்ததும் என் வீட்டுக்காரர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பையன் தனம் இருந்த அறைப் பக்கம் ஒருதரம் பார்த்தான், அம்மாவை ஒருதரம் பார்த்தான். அப்புறம் சப்பாத்தை மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் பஸ்ஸுக்குப் போய்விட்டான். தாம்பூலத் தட்டு மாற்றவேயில்லை.

ஜொகூர் முழுக்கக் கதை பரவியது. என் வகுப்புப் பெண்கள் நின்றுவிட்டார்கள். அது போகட்டும். அப்புறம் தனத்தைப் பார்க்க வருவதாகச் சொன்ன இரண்டு குடும்பங்களும் "கருமாதிச் சோறு போட்ட வீடா?" என்று கேட்டுவிட்டு வராமலேயே இருந்துவிட்டன. அன்றைக்குச் சாப்பிட்டவர்களில் ஒருத்தருக்கும் தலைவலிகூட வரவில்லை. மாப்பிள்ளையின் அப்பா பல்லெல்லாம் கொட்டியும் திடமாக இருந்தார். ஜப்பான்காரன் வந்தான், போனான், அவர் இருந்தார். பாகற்காயில் என்ன சாவு இருக்கிறது? அந்தப் பையனின் அம்மா மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான். என் மேல் அதைவிட அதிகம்.

தனத்துக்குக் கல்யாணம் ஆகவேயில்லை. எங்களோடுதான் இருக்கிறாள், என் பிள்ளைகளை வளர்த்தவளே அவள்தான். விருந்தாளி வந்தால் முதலில் இந்தக் கதையைத்தான் எடுப்பாள். பிச்சையா மாதிரி விசும்பிக் காட்டுவாள், கவளத்தோடு முழித்த பெரியவரைப் போல முழித்துக் காட்டுவாள். வீடே உருண்டு சிரிக்கும். தினமும் நான் சாதத்தை இறக்கும்போது "அண்ணி, இன்னிக்கு யாரு செத்தாங்க?" என்று கேட்காமல் தட்டில் கை வைக்கமாட்டாள்.

போன தீபாவளிக்கும் இந்தக் கூத்து நடந்தது. சிரித்து முடித்த என் கடைசி மகன் விவரமில்லாமல் கேட்டான்.

"அதுக்கப்புறம் ஏன் அத்தை நீங்க கல்யாணமே பண்ணிக்கல?"

"ஆம்பளைங்க பந்தியே பாதியில எந்திரிச்சிருச்சுடா" என்றாள் தனம், அவன் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே. "பொம்பளைங்க பந்தி போடவே இல்ல."

எல்லோரும் மறுபடியும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.