மெஷினுக்குள் இருந்த ஸ்டான்லி சாமி

அன்புள்ள மகள் ரூபினிக்கு,

மலேசியா செனாயிலிருந்து அப்பா காளியப்பன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். அங்கே ஒஹாயோ குளிரில் நீயும் மாப்பிள்ளையும் காது தலையை மூடிக்கொண்டு நலமாயிருக்க முருகன் துணையிருக்கட்டும். போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்பதால் கடிதம்.

உங்கள் ஊர் நூலகத்தில், மூடிப்போன தொழிற்சாலைகளின் கதை சொல்லும் கூட்டத்துக்குப் போனாயே, அங்கே பேசிய ஸ்டான்லி என்ற கிழவரைப் படம் பிடித்து அனுப்பினாய். அவருக்குப் பின்னால் சுவரில், அவர் கையில் மீனோடு நிற்கும் பழைய படம். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்தான் எங்கள் பிரஸ் மெஷின் சாமி!

கேள். இருபத்துநான்கு வருஷத்துக்கு முன் அந்த ஊர்த் தொழிற்சாலையை மூடி, இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் அதன் பிரஸ் மெஷினைக் கப்பலேற்றி எங்கள் கம்பெனிக்கு அனுப்பினார்கள். நானும் கூட வேலை செய்த சின்னத்தம்பியும் அதன் மின்பெட்டியைத் திறந்தால், கதவின் உள்பக்கம் அதே படம். கையில் பெரிய மீன், கீழே ஸ்டான்லி என்று பெயர். "அலமாக்! அண்ணே, இந்த மெஷின்ல செத்தவரு போலிருக்கு. கும்புடாம கைய வெச்சா விரல எடுத்துருவாரு லா" என்றான் சின்னத்தம்பி. உயிரோடிருப்பவர் படத்தை யார் மெஷினுக்குள் ஒட்டுவார்கள் என்று எனக்கும் தோன்றிற்று. அன்று முதல் ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அவருக்கு மாலை, சந்தனம், பொட்டு. கையில் மீன் இருக்கிறதே என்று மறுநாள் மீன் வறுவல் படையல். பூசை மாலை வாடுவதற்குள் கவிச்சியா என்று கேன்டீன் கருப்பாயி மூன்று வருஷம் எங்களோடு பேசவில்லை. ஒரு வருஷம் மீன் வைக்க மறந்தோம், எண்ணெய்க் குழாய் வெடித்து சூப்பர்வைசர் தலைமுதல் கால்வரை குளித்தார். அதன்பிறகு மீன் அவர் செலவு.

இப்போது நீ சொல்கிறாய், அவர் மீனே தின்னமாட்டாராம், பிடித்து ஆற்றிலேயே விட்டுவிடுவாராம். அது போகட்டும். அந்த மெஷினில் எங்கள் ஒருவருக்கும் நகம்கூடப் பெயரவில்லை. அவருக்கு இரண்டு விரல் போயிருக்கிறது. விரல் போன பிறகும் அதிலேயே வேலை பார்த்தவரை, மெஷினைக் கழற்றிய அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அவர் வீட்டு அடுப்பு அணைந்த வருஷம்தான் எனக்கு வேலை நிரந்தரமாச்சு, உன்னைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தோம். சாமின்னு கும்பிட்டு அந்த மனுஷன் பொழப்பத்தான் சாப்பிட்டிருக்கோம்மா.

வெள்ளிக்கிழமை எங்கள் கம்பெனிக்கும் பூட்டு. மெஷின் வியட்நாம் போகிறது. ஆகவே படத்தைக் கழற்றி, பொட்டைத் துடைத்து, இத்துடன் வைக்கிறேன். அவர் கையிலேயே கொடு. உயிரோடிருந்தவருக்கு மாலை போட்டதற்கு அப்பா மன்னிப்புக் கேட்டார் என்று சொல். உன் அப்பா அந்த மெஷினில்தான் வேலை செய்கிறார் என்றதும், இடப்பக்கம் இன்னும் எண்ணெய் கசிகிறதா என்று கேட்டாராமே, கசிகிறது என்றும் சொல்.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் எந்தக் குறையும் வராதிருக்க அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
அப்பா காளியப்பன்

பி.கு.: உறையில் படத்தைத் தேடாதே. மேலே உள்ளதை எழுதி வைத்தபின், நேற்று மெஷினைப் பெட்டியில் அடைக்கும்போது மனசு கேட்கவில்லை. அவரைப் பழைய இடத்திலேயே ஒட்டிவிட்டேன். வியட்நாம் பிள்ளைகளுக்கும் விரல் வேண்டுமே. பக்கத்தில் என் பாஸ்போர்ட் படத்தையும் ஒட்டினேன். மாலை போட்டால் போடட்டும். அவருக்கு மீன் வேண்டாம், எனக்கு வைக்கலாம் என்று கீழே எழுதியிருக்கிறேன். தமிழில்தான் எழுதினேன், யார் படிப்பாங்களோ தெரியல.